பின் இருக்கையில் மணல் மூட்டை

கதை கட்டிவிடுவதென்றால் என்னை வீரனாகத்தானே காட்டிக்கொள்வேன்? மானம் போகிற கதையை எவன் கற்பனை செய்வான்? இது நடந்தது. 1942, மத்தியதரைக் கடலில், எங்கள் விமானந்தாங்கிக் கப்பலில்.

நான் ஓட்டியது ஃபுல்மார், பிரிட்டிஷ் கடற்படையின் சண்டை விமானம். முன்னால் விமானி. பின்னால், வரைபடமும் பென்சிலுமாக வழிகாட்டி. என் வழிகாட்டி பாஸ்கோ. திசை சொல்வான், எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைப்பான். எங்கள் பேச்செல்லாம் ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எதிரி விமானங்கள் எட்டு தெரிந்தன. எனக்கு உயிர்ப்பயம். இன்ஜின் திக்குகிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

குழாயில் பாஸ்கோ என் பேரைச் சொல்லிக் கேட்டான். "ட்ரெஸ்... இன்ஜின் நல்லாத்தானடா ஓடுது?"

நான் கப்பலைப் பார்த்தே ஓட்டினேன். கப்பலில் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பழி மெக்கானிக் டக்கெட் தலையில் விழுந்தது. பாவம், இன்ஜினைப் பிரித்துப் போட்டுத் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அவனைப் பதவி இறக்கினார்கள். நான் கல்லுளிமங்கன் மாதிரி நின்றேன். சீ! இன்றைக்கும் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசுகிறது.

மறுநாள் பாஸ்கோ வேறொரு விமானியோடு போனான். திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை, இன்ஜினைச் சோதிக்க நான் மட்டும் மேலே போனேன். பின் இருக்கையில் எடைக்காக ஒரு மணல் மூட்டை. டக்கெட்தான் இறுக்கிக் கட்டினான். வழக்கப்படி புதுக் குறிப்புத்தாளும் செருகினான்.

மாலை 5.20. திடீரென்று மூடுபனி. கப்பலைக் காணோம். ரேடியோவைத் தொடக் கூடாது, எதிரி கேட்பான். பெட்ரோல் இருபது நிமிடத்துக்குத்தான்.

5.24. குழாயில்... மூச்சு.

கிர்ர்... கிர்ர்... பென்சில் கீறும் சத்தம்.

"இருநூத்திப் பத்து."

விமானத்தை அந்தத் திசைக்குத் திருப்பினேன். தலையைத் திருப்பவில்லை. முடியவில்லை.

5.33.

"ட்ரெஸ்... இன்ஜின் நல்லாத்தானடா ஓடுது?"

"ஓடுது..." அழுதேவிட்டேன். "அன்னிக்கும் நல்லாத்தான்டா ஓடுச்சு. நான் பொய் சொன்னேன்!"

கிர்ர்...

பனி விலகியது. கீழே கப்பல்.

இறங்கியதும் டக்கெட் பின்பக்கம் ஏறினான். அப்படியே நின்றுவிட்டான்.

"சார்... மூட்டைய அவுத்துக் கீழ வச்சது யாரு?"

"நான் இல்லப்பா."

"நான் வெறும் தாளுதான சார் வச்சேன்?" தாளை நீட்டினான். "இது பாஸ்கோ சார் கையெழுத்து."

5.24. திசை 210.

5.33. இன்ஜின் நன்றாக ஓடுகிறது. செவ்வாயன்றும் நன்றாகவே ஓடியது. விமானி ஒப்புக்கொண்டார்.

டக்கெட் தாளைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை படித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கமாண்டர்கிட்ட நீங்க குடுக்கிறீங்களா சார், இல்ல நானே குடுக்கட்டா?"