இரண்டு பேர் வந்தால் திறக்கும் பூட்டு

செபஸ்தியம்மாவிடம் நாற்பத்தொரு பெண்களின் குரல்கள் இருக்கின்றன. வாகரையிலும் மாங்கேணியிலும் புருஷனிடம் அடிவாங்கியவர்கள் தங்கள் வாயாலேயே சொன்னவை. மாதர் சங்கத்துக்காக அவற்றைப் போனில் பதிவுசெய்வது ஐம்பத்து மூன்று வயதான அவரது வேலை. மீதி நேரத்தில் மாங்கேணியில் கருவாடு விற்கிறார்.

குரல்களை வீட்டில் வைக்க முடியாது. இங்கே போன் வீட்டுக்கு ஒன்று, கை மாறிக்கொண்டே இருக்கும். சுனாமியில் வீடுகளே போன கரை வேறு. எனவே கிளவுட்டில் ஏற்றுகிறார். ஆனால் ஏற்றுமுன் ஒவ்வொரு பதிவையும் லெப்டொப்பில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, போனில் உள்ளதை அழித்துவிடுகிறார். மட்டக்களப்பில் ஒரு பயிற்சியில் கற்றது அது. பயிற்றுவித்த டினுஷா அன்றே எச்சரித்தார்: "அன்ரி, பாஸ்வேர்ட் மறந்தா ஒருத்தராலயும் திறக்கேலாது. என்னாலயும் ஏலாது."

"அதுதான் பிள்ளை எனக்கு வேணும்."

அதற்கு மேல் ஒன்றை அவரே சேர்த்தார். அவரது ஊர்க் கிறிஸ்தவக் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பாதரிடம், மற்றது சபைத் தலைவரிடம். இருவரும் வந்தால்தான் திறக்கலாம். செபஸ்தியம்மா கடவுச்சொல்லையும் அப்படியே இரண்டாக்கினார். முதற்பாதி அவருடையது. மறுபாதி ஓட்டமாவடியில் தையற்கடை வைத்திருக்கும் சங்கத் தோழி பஹீமாவுடையது. பூட்டிய கோப்புகளின் இன்னொரு பிரதியும் பஹீமாவின் கணக்கில் கிடக்கிறது. கடை பூட்டியிருக்கும் வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சந்தித்து, தத்தம் பாதியைத் தட்டிப் புதிய பதிவுகளைப் பூட்டுவார்கள்; மறக்காதிருக்க ஒரு பழைய கோப்பைத் திறந்தும் பார்ப்பார்கள்.

"என்னகா, உன்ட பாதி கிடக்கா, கருவாட்டோட நிறுத்து வித்திட்டியா?" என்பார் பஹீமா.

போன மாதம் அந்தப் பூட்டுக்குச் சோதனை வந்தது.

அதே ஊர் ரதீஸ் என்பவனின் மனைவி அவன்மேல் வழக்குப் போட்டு, பாதுகாப்புக் கட்டளை கேட்டிருந்தாள். அவளுடைய பதிவில், இரவுகளில் அவளுக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டுக்காரர்களின் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்கள்தான் ரதீஸுக்கு வேண்டியிருந்தன.

வழி சுலபமாகக் கிடைத்தது. ஊரில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுத்தது ஜொய்சனின் போன் கடை. சனம் சிம்மை மாற்றிக்கொண்டே இருக்கும், கடை எங்கும் போகாது என்ற நல்லெண்ணத்தில், எல்லாக் கணக்குக்கும் மீட்பு எண்ணாகக் கடை நம்பரையே ஜொய்சன் கொடுத்திருந்தான். ஒரு போன்கோல் எடுக்கவேண்டும் என்று ரதீஸ் கடைப் போனை வாங்கினான். அதற்கு வந்த மீட்புக் குறியீட்டைப் போட்டு, கொஞ்ச நேரத்தில் செபஸ்தியம்மாவின் கணக்குக்குள் இருந்தான்.

மறுநாள் அவர் வீட்டு வளவுக்கே வந்துவிட்டான்.

"மாமி, உங்கட கணக்குக்குள்ள போயிற்றன். ஒண்டும் திறபடுதில்ல. பாஸ்வேர்ட்டச் சொல்லுங்க."

செபஸ்தியம்மா கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. "களவெடுக்கப் போனவன் வீட்டுக்காரியிட்டயே சாவி கேக்கிறான்!"

"பகிடி விடாதீங்க."

"பாதிதான் எனக்குத் தெரியும், மனே. மத்தப் பாதி வேறாள்ட்ட."

"ஆர்ட்ட?"

"தொலைஞ்சதெல்லாம் புனித அந்தோனியார் எடுத்துத் தருவாராம். அவரிட்டக் கேளு."

பக்கத்து வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரதீஸின் முகம் கறுத்தது. "எல்லாத்தையும் அழிச்சுப் போடுவன்!"

"அழி. இன்னொண்டு வேற இடத்தில கிடக்கு."

அவன் வேலிப் படலையை உதைத்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்த பிறகுதான் செபஸ்தியம்மா கீழே உட்கார்ந்தார். பிறகு எழுந்து நேரே ஜொய்சனின் கடைக்குப் போனார். அந்தக் கிழமை முழுவதும் ஜொய்சன் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கணக்குகளிலிருந்து தன் கடை நம்பரை எடுத்துக்கொண்டிருந்தான்.

ரதீஸ் சொன்னபடி அழித்துவிட்டான். பெயர்கள் மட்டும் இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

வருகிற புதன்கிழமை வாழைச்சேனையில் வழக்கு. பதிவை நீதவானுக்கு மட்டும் திறந்து காட்ட, செபஸ்தியம்மா லெப்டொப்போடு காலை பஸ்ஸில் போகிறார். ஓட்டமாவடியில் பஹீமா ஏறுவார்.