பிளக் அண்ணனின் கடைசி மடக்கு

அந்தக் கம்பெனியின் வரலாற்றை அவர்களுடைய இணையதளத்தில் அழகாகப் போட்டிருக்கிறார்கள். கம்பெனியை ஆரம்பித்த அண்ணனும் தங்கையும் கைகட்டி நிற்கும் படம் உண்டு, வளர்ச்சியைக் காட்டும் கோடு உண்டு. பிளக் அண்ணனைப் பற்றி ஒரு வரி கிடையாது. இது அடுக்குமா?

அவர் அப்போது வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கடை மாடியில் எட்டே கம்ப்யூட்டரோடு கம்பெனி தொடங்கிய புதிது. மின்விசிறி மாட்டப் போனவர் ஏணியை நகர்த்தும்போது கால் ஒரு வயரில் சிக்கி, ஒரு கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. அது அணைந்ததுதான் தாமதம், மற்ற ஏழும் வேலையைப் போட்டுவிட்டுக் கம்மென்று உட்கார்ந்துவிட்டன. அண்ணன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கை மட்டும் வயரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கும் வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"அதான் ஃபேன் மாட்டியாச்சே மேடம்."

"ஃபேனுக்கு இல்ல. இதே மாதிரி தினமும் வந்து, சொல்லாம கொள்ளாம ஏதாவது ஒரு பிளக்கைப் பிடுங்கணும். மாசச் சம்பளம்."

கேலி செய்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூட்டை வெங்காயம் உரிக்கிறாங்கன்னு வச்சுக்கங்க. நடுவுல ஒருத்தர் எழுந்து போயிட்டா அவர் பங்கை மத்தவங்க எடுத்துக்கணும்ல? எங்க சாஃப்ட்வேரும் அப்படித்தான். ஒரு பெரிய கணக்கைத் துண்டு போட்டு எல்லா கம்ப்யூட்டருக்கும் பிரிச்சுக் கொடுக்கும். ஆனா இப்போ ஒண்ணு படுத்தா எல்லாமே படுத்துடுது."

"எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள்.

இப்படியாக, ஒன்றும் தெரியாததற்காகவே உலகத்தில் ஒரு மனிதருக்கு வேலை கிடைத்தது. ஒன்றும் தெரியாமல் வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். சொல்லிவிட்டுச் சேர்ந்தவர் இவர் ஒருவர்தான்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கையில் டீ கிளாஸோடு மேஜைகளுக்கு நடுவே நடப்பார். கடைசி மடக்கு எங்கே முடிகிறதோ, அங்கே குனிந்து பக்கத்தில் இருக்கும் பிளக்கைப் பிடுங்குவார். டீ சூடாக இருந்தால் தூரம் போவார், ஆறிப் போயிருந்தால் வாசலிலேயே யாராவது மாட்டுவார்கள். உடனே அறை அறையாகக் கூச்சல் கிளம்பும். "யோவ் பிளக் அண்ணே, உனக்கு நேரம் காலமே கிடையாதா?" திட்டு வாங்கிக்கொண்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வருவார். புரோகிராம் எழுதும் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு, எது அறுந்தது என்று தேடித் திருத்துவார்கள்.

அவருக்குப் பெண் பார்த்தபோது, "மாப்பிள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். தரகர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்குற வேலைங்க" என்றார். பெரிய அதிகாரி என்று நினைத்து மாமனார் எழுந்து நாற்காலி போட்டார்.

எட்டுக் கம்ப்யூட்டர் நாற்பதாயின. சைக்கிள் கடை மாடியை விட்டு, லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இரண்டு தளம் பிடித்தார்கள். கூச்சல் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. கம்பெனிக்கு அது வளர்ச்சி. அவருக்கோ மனசுக்குள் ஏதோ குறைந்துகொண்டே வந்தது.

மனைவிக்குப் பிரசவம் என்று அவர் ஒரு மாதம் லீவு போட்டார். பெண் குழந்தை. இனிப்போடு திரும்பி வந்தவரை அண்ணன்காரர் தோளில் தட்டி உட்காரவைத்தார்.

"நீங்க இல்லாதப்போ எல்லாரும் முறை வச்சுப் பிடுங்கினோம், அண்ணே. ஒருத்தர்கூடக் கத்தல. சாஃப்ட்வேர் தேறிடுச்சு. நாளைக்கு வானிலை ஆபீசுக்குக் கொடுக்குறோம், நம்ம பெரிய ஆர்டர். இனிமே நீங்க எதுக்கு அலையணும்? வரவேற்புல உட்காருங்க. சம்பளம் அதேதான்."

நல்ல மனசோடுதான் சொன்னார். இவர் இனிப்பை மேஜைமேல் வைத்தார். ஒருத்தர் போனால் அவர் பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்வதற்குத்தானே இந்தக் கம்பெனியே நடக்கிறது? அதைத் தன் விஷயத்திலும் செய்துகாட்டிவிட்டார்கள்.

"கடைசியா ஒரு தடவை சுத்திட்டு வந்துடறேன் சார்" என்று டீயை எடுத்துக்கொண்டார்.

மெதுவாக நடந்தார், மெதுவாகக் குடித்தார். முடிய மனமில்லாமல் முடிந்த கடைசி மடக்கு, மூலையில் தங்கையின் பழைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் முடிந்தது. குனிந்து பிடுங்கினார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு நாற்பது திரைகளும் அப்படியே நின்றன.

"யாருய்யா அது?" என்று ஒரு அறையிலிருந்து சத்தம். "வந்துட்டாருய்யா பிளக்கு" என்று இன்னொரு அறையிலிருந்து. இரண்டு தளமும் சேர்ந்து கத்தியது. கையில் பிளக்கோடு நின்ற அவர் முகத்தில், மகள் பிறந்த அன்று வந்த அதே சிரிப்பு.

தங்கை ஓடி வந்தாள். மூலையைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. அவர் லீவில் இருந்தபோது அவள் புதிதாக ஒன்று எழுதிச் சேர்த்திருந்தாள். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்ற விவரம் முழுக்க இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இன்னொரு பிரதி வைக்க மறந்துபோனாள். முறை வைத்துப் பிடுங்கியவர்களோ, அவரவர் எழுதியது ஓடும் கம்ப்யூட்டரைத் தொடாமல், தாங்கும் என்று தெரிந்ததாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கியிருந்தார்கள். முதலாளியம்மாவின் கம்ப்யூட்டர் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

"இதையும் யாராவது ஒரு நாள் பிடுங்கியிருக்கணும்" என்றாள் அவள். சட்டென்று சிரித்தும்விட்டாள். "அண்ணா, வரவேற்புக்கு வேற ஆளைப் பாரு. இவரை விட மாட்டேன்."

வானிலை ஆபீசில் சில நாள் தவணை கேட்டு வாங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவரின் முகத்தைப் பார்த்து, "என்ன, ஆபீஸ்ல ஏதாவது பாராட்டா?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லாரும் சேர்ந்து திட்டினாங்க" என்றார் பெருமையாக.

தொட்டிலில் மகள் விழித்திருந்தாள். விரலை நீட்டினார், இறுகப் பிடித்துக்கொண்டாள். பழக்க தோஷம், கொஞ்ச நேரத்தில் மெல்ல உருவிப் பார்த்தார். வீடு அதிர வீறிட்டாள். மனைவி ஓடிவந்து தன் விரலைக் கொடுத்தாள், தூக்கிக் குலுக்கினாள். குழந்தை அடங்குவதாக இல்லை.

"வீட்டுலயும் ஆரம்பிச்சுட்டீங்களா? திருப்பிக் கொடுங்க" என்றாள்.

அவர் விரலைத் திரும்பக் கொடுத்தார். அழுகை நின்றது. அன்றைக்கு அவர் சாப்பாட்டை இடது கையால் சாப்பிட்டார்.