கார்க்கு மூடிய மைக்கூடு

எங்கள் தலைமையாசிரியர் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி என்று வெகுகாலம் மனதார நம்பியிருந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது என் மேசைமேல் இருக்கும் இந்தக் கண்ணாடி மைக்கூடு அவருடையது. கார்க்கு கறுத்துப்போய்விட்டது. இதை முதல் நாளே ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவரைப் பற்றி அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

வேலூரிலிருந்து தங்க வயல் பள்ளிக்கூடத்துக்கு உதவியாசிரியனாக வந்த முதல் நாள். பாதிப் பாடத்தில், அடியில் எங்கோ ஏதோ உறுமியதும், பையன்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் மைக்கூடுகளை உள்ளங்கையால் பொத்தினார்கள். புது வாத்தியாருக்கு ஏதோ குறும்பு வைத்திருக்கிறார்கள் என்று பிரம்பைத் தேடினேன். அதற்குள் தரை ஓர் உதறு உதறியது. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை தானாக வெடித்து மேலே ஊரையே உலுக்கும். அதற்கு அங்கே ஏர்பிளாஸ்ட் என்று பேர். பிள்ளைகளுக்கு அது பழகிய தும்மல். எனக்கு யார் சொன்னார்கள்? தங்கத்தைத் துரத்திக்கொண்டு வந்த துரைமார் சரியாக என் நாற்காலிக்கு அடியிலேயே தோண்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, தலைப்பாகையை மேசைமேல் விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தால், அடுத்த அறை ஜன்னலிலிருந்து தொப்பென்று தலைமையாசிரியர்! "இன்னா குலுக்கு குலுக்கிச்சு பாத்தீங்களா சார்! நான் பயந்தே பூட்டேன்" என்றார். உள்ளேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "அவ்ளோதான் சார், நின்னு பூட்ச்சு. ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றான். வகுப்பே சிரித்தது, அவரைப் பார்த்து. எனக்கென்று யாரிடமும் சிரிப்பு மீதி இல்லை. சாயங்கால ரயிலைப் பிடித்து ஊருக்கே ஓடிவிட நினைத்திருந்த நான், ஹெட்மாஸ்டரே குதிக்கிற ஊரில் நாம் குதித்தால் என்ன என்று தங்கிவிட்டேன். என் மேசையில் மை ஆறாக ஓடியிருந்தது. அவர் மேசையில் ஒரு சொட்டு இல்லை. கார்க்கு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

சுரங்கத் தொழிலாளிகளின் லயன் வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர் அவர். மீசை முளைத்ததும் மகனைக் கேஜ் என்ற கூண்டில் ஏற்றிச் சுரங்கத்தில் இறக்கப் பார்க்கும் தகப்பனிடம், "கேஜ் எங்கியும் ஓடிப் பூடாது. பையனைக் கொஞ்ச நாள் எங்கிட்ட வுடு" என்பார். ஆனால் மெட்ரிகுலேஷன் வகுப்பு இல்லாத பள்ளிக்கூடத்தில் எத்தனை காலம் வைத்திருப்பது? அதற்கு அனுமதி தரவேண்டிய இன்ஸ்பெக்டர் ஒரு மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து வந்தார். கோட்டு, சரிகைத் தலைப்பாகை, முகத்தில் கடுகடுப்பு. ஓடு ஒழுகுகிறது, பெஞ்சு ஆடுகிறது என்று வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டே என் வகுப்புக்கு வந்தார். தலைமையாசிரியர் தன் மைக்கூட்டோடு என் மேசை முன் உட்கார்ந்து அத்தனையையும் எழுதிக்கொண்டிருந்தார்.

தரை உதறியது. என் கை தானாகப் பக்கத்துப் பெஞ்சின் மைக்கூட்டைப் பொத்தியது, அவ்வளவு தேறியிருந்தேன். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே இருந்தார். அவருடைய சரிகைத் தலைப்பாகை எனக்கு முன்னால் கிடந்தது. பையன்கள் சுரங்கத்தின் ஆபத்துச் சங்குக்குக் காது கொடுத்தார்கள். கீழே இருப்பது அவர்களுடைய அப்பன்மார் அல்லவா. சங்கு ஊதவில்லை. மூச்சு விட்டார்கள். அடுத்தது சிரிப்புதான். அது வெடித்தால் மெட்ரிகுலேஷன் போய்விடும்.

தலைமையாசிரியர் பேனாவை வைத்தார். மைக்கூட்டில் கார்க்கை வைத்து அழுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் உறையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு "ஐயையோ!" என்று கத்திக்கொண்டு குதித்தார். சிரிப்பு முழுவதும் அவர் தலையில் இறங்கியது.

வெளியே இன்ஸ்பெக்டர், "நீங்களுமா?" என்றது கேட்டது.

"இன்னா சார் பண்றது, உயிர் வெல்லக்கட்டி ஆச்சே!"

கடுகடுப்பு முகத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்த மாதமே அனுமதியும் வந்தது.

அவருக்குப் பிறகு அவர் நாற்காலியும் இந்த மைக்கூடும் எனக்கு வந்தன. இப்போது பள்ளிக்கூடத்துக்குக் கல்கட்டடம் வந்துவிட்டது. தரை இன்னும் உதறுகிறது. புது வாத்தியார் யாராவது குதித்தால் கூடவே குதிக்க என் முழங்கால்தான் ஜன்னலுக்கு ஒப்புவதில்லை. உதறும்போதெல்லாம் இந்தக் கார்க்கை அழுத்தி வைக்கிறேன். என் முதல் நாளில் பயந்து குதித்தவன் நான் ஒருவன்தான்.