பிடரியில் ஒரு கரும்புள்ளி

மகள் தவழத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது அவள் பிடரியில், முடி முடியும் இடத்தில், ஒரு கரும்புள்ளியைப் பார்த்தேன். பிறந்தபோது இல்லாதது. முதலில் கடுகளவு இருந்தது, பிறகு மிளகளவு ஆனதாகத் தெரிந்தது. கொஞ்சம் இடம் மாறியதுபோலக்கூட இருந்தது. கை பட்டுப் புண்ணாகிவிடுமோ என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றினேன்.

வாசுதேவநல்லூரில் வேலை முடிந்து திரும்பும் வழியில் கணவர் டாக்டரிடம் கேட்டுவந்தார். "மோலா இருக்கும்ங்காரு. சனிக்கிழம பிள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்லுதாரு."

அதுவரை பொறுக்க முடியவில்லை. கல்லூரியில் பரிசாகக் கிடைத்த ஆங்கில அகராதியை எடுத்தேன். 'மோல்' என்பது அதில் மூன்று தனிச் சொற்களாக இருந்தது. முதலாவது மச்சம், அதன் பழைய பொருள் கறை. இரண்டாவது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிராணி, எங்கள் பக்கம் கிடையாது. மண்ணை எறிவது என்று பொருள்படும் நீண்ட பெயர் தேய்ந்து அப்படி ஆனதாம். மூன்றாவது அலையைத் தடுக்கக் கடலில் கட்டும் கல்சுவர், லத்தீனில் பெருங்குவியல். ஒரே பெயரோடு ஒரே தெருவில், ஒட்டும் உறவும் இல்லாமல் மூன்று குடும்பங்கள் இருப்பதுபோல. வேறொரு சமயம் என்றால் ரசித்திருப்பேன். அன்று 'கறை'யைத் தாண்டி மனம் போகவில்லை. மச்சம் வளர்ந்தால் என்ன ஆகும் என்று அகராதி சொல்லவில்லை.

எங்களோடு இருந்த கணவரின் அக்காவிடம் இதை மறைத்தேன். கோயில் புற்றுமண்ணைப் பூசிவிட்டு, டாக்டர் வேண்டாம் என்பாரோ என்று பயம். சனிக்கிழமை கிளம்பும்போது சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"மதினி, பிள்ளைக்குப் பிடரியில மச்சம் வளருது."

மதினி குழந்தையை வாங்கிப் பார்த்தார். முந்தானை நுனியை எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தார். புள்ளி துணிக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, இது நான் வைக்க வசம்புப் பொட்டுல்லா. கன்னத்துல வச்சா படிச்சவ நீ அழிச்சிருத. அதான் உன் கண்ணு படாத இடமாப் பாத்து வச்சேன்."

"அங்க வச்சா திருஷ்டிக்குத் தெரியுமா மதினி?"

"அதுக்கு உன்னை மாதிரி இல்ல, எங்கன இருந்தாலும் தெரியும்."

கணவர் செருப்பைக் கழற்றினார். "டாக்டர்ட்ட என்னன்னு சொல்ல? பொட்டு வளருதுன்னா?"

சிரிப்போடு அழுகையும் வந்தது. மதினி குழந்தையை என் மடியில் போட்டார். "இத்தன நாளா இதையா மனசுல வச்சிட்டு இருந்த? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

மறுநாள் குளிப்பாட்டித் துவட்டும்போது பிடரி வெறுமையாக இருந்தது. எனக்கு அது என்னவோபோல் இருந்தது. அடுக்களையில் இருந்த மதினியைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு வைக்கலையா மதினி?"

"நீ சொல்லட்டும்னு இருந்தேன்."

"கன்னத்துலயே வைங்க."