விசிலுக்கு எழுந்தவள்

எங்கள் மாடியில் குடியிருக்கும் ரோசென், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் கொங்கார்னோவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான், நான் உட்பட. அவள் பக்கத்து சீட்டில் இருந்தால் தெருமுனையில் திரும்பும் பூனைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது, அவ்வளவு விழிப்பு. வீட்டுக்குப் போய்த் தலையைச் சாய்த்துவிட்டாலோ அதே பெண்ணை இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது. ஒரு ஜூலை பதினாலு, தேசிய தினத்தன்று, துறைமுகச் சுவரில் சாய்ந்தபடி, தலைக்கு மேலே வாணவேடிக்கை மொத்தமும் வெடித்து முடியும்வரை தூங்கினாள். எல்லாம் முடிந்து நாங்கள் உலுக்கியபோது, "ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள்.

அப்படிப்பட்டவள், நாற்பத்தாறு வயதில், சின்னப் பாய்மரப் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்துக்குப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? எங்கள் ஊர்ப் படகுக் கிளப்பே சிரித்தது. தனியாகப் போகிறவர்களுக்குக் கடலில் முழுத் தூக்கம் கிடையாது. படகைத் திசை மாறாமல் ஓட்டத் தானியங்கிச் சுக்கான் இருக்கிறது. ஆனால் எதிரே வரும் சரக்குக் கப்பலைப் பார்த்து ஒதுங்க அதற்குத் தெரியாது. இருபது நிமிடம் தூங்கி எழுந்து, அடிவானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முடிந்தால் இன்னொரு இருபது நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் தூங்க வேண்டும்.

"படகுக்குத் தாலாட்டுன்னு பேர் வெச்சிரு ரோசென், பொருத்தமா இருக்கும்" என்றார் கிளப் தலைவர் துத்வால்.

"நல்லா சிரிங்க துத்வால். உங்க பையனுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடுத்தவ நான். அதைவிடக் கஷ்டமான வேலை அட்லாண்டிக்ல இல்ல."

துத்வாலை மடக்கியாயிற்று. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. பந்தயத்தில் சேர வேண்டுமானால் முதலில் தனியாக, எங்கும் நிற்காமல், அயர்லாந்தின் தென்முனை வரை ஏறி இறங்கி, ஆயிரம் கடல் மைல் ஓட்டிக் காட்ட வேண்டும். கரையோடு ஃபோன் பேச்சுக் கூடாது. அதை முடிக்காவிட்டால் அவளுக்குப் பந்தயம் இல்லை. நடுவில் அசந்து தூங்கிப்போனால் அவளே இல்லை. இது அவளுக்கும் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும்.

புருஷன் பெயர் கூல்வென். வாரநாட்களில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். இந்தக் கரையோரம் முழுக்க அவனைத் தெரியும், காரணம் நல்லதில்லை. கூடுதல் நேரம் தரவே மாட்டான். ஒரு கோப்பை இறுதியாட்டத்தில் பந்து கோலை நோக்கிக் காற்றில் போய்க்கொண்டிருக்கும்போதே விசில் ஊதி ஆட்டத்தை முடித்த மகானுபாவன். அந்தக் கோலை இழந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அவனுக்குக் காப்பி ஊற்றுவதில்லை. படகென்றால் அவனுக்கு ஆகாது, மிதவைப் பாலத்தில் நின்றாலே முகம் வெளுத்துவிடும்.

குளிர்காலத்தில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரோசென் தூக்கப் பரிசோதனையை ஆரம்பித்தாள். முதலில் யாரோ ஒரு பெரிய பந்தயக்காரரின் அட்டவணையை அப்படியே பின்பற்றினாள், நாலு மணி நேரத்துக்கு ஒரு குட்டித் தூக்கம் என்று. ஒரே வாரத்தில் காப்பியில் உப்பைப் போட்டாள், வீட்டுச் சாவியை வெண்ணெய் டப்பாவுக்குள் வைத்து மூடினாள், என்னைப் படிக்கட்டில் பார்த்து "இண்டிகேட்டர் போடாம திரும்பாதீங்க" என்றாள்.

பிறகுதான் தூக்க மருத்துவரிடம் போனாள். தலை முழுக்க வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னது எளிய விஷயம். தூக்கம் ஒவ்வொருவருக்கும் சில வேளைகளில்தான் சுலபமாக வரும். ரோசெனுக்கு அது முற்பகலிலும், பொழுது சாய்வதற்குச் சற்று முன்பும். கண் எரிந்து, கழுத்து சில்லிட்டு, கொட்டாவி வந்தால் உடனே படுத்துவிட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் புரண்டுகொண்டிருப்பதுதான் மிச்சம்.

படுப்பதைக் கற்றுக்கொண்டாள். எழுவதுதான் வரவில்லை. மூன்று அலாரம் வைத்துப் பார்த்தார்கள், படகுச் சங்கை வைத்துப் பார்த்தார்கள். நான் கீழிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன், அது உதவிக்கு இல்லை, கோபத்தில். அவள் அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கூல்வென் எரிச்சலாகிப் படுக்கையறை வாசலில் நின்று விசிலை ஊதிவிட்டான். ரோசென் துள்ளி எழுந்து, "என்ன ஃபவுல்?" என்றாளாம்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. சேர்த்துவைத்த லீவையெல்லாம் போட்டுவிட்டுக் கூல்வெனும் விசிலோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மீன் ஏலக் கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போய், பகலில் வந்து தூங்குகிறவன் நான். அவளுக்கு நல்ல தூக்கம் வரும் முற்பகல்தான் எனக்கும் முதல் தூக்கம். மேலே விசில், கீழே நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் மாடி ஏறினேன்.

"யோவ் கூல்வென், மனுஷனா நீ? இப்பதான்யா கண்ணை மூடினேன்!"

"இன்னிக்கு இன்னும் நாலு தடவை இருக்கு மத்தூரன். காதுல பஞ்சு வெச்சுக்க."

"கொஞ்சம் மெதுவா ஊதித் தொலையேன்."

"மெதுவா ஊதினா கப்பல் மெதுவா வருமா?"

இப்படிப் பேசுகிறவனிடம் என்னத்தைச் சொல்வது? உள்ளேயிருந்து ரோசெனின் குரல் கெஞ்சியது. "ரெண்டே ரெண்டு நிமிஷம், கூல்வென். கெஞ்சிக் கேக்கறேன்."

"ஆட்டம் முடிஞ்சுது. எந்திரி."

கல்நெஞ்சக்காரன் என்று நினைத்தேன். அவளிடமே சொன்னேன், இவனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று. அவள் சிரித்தாள். வசந்தம் வருவதற்குள் விசில் உதட்டுக்குப் போகும்போதே கண்ணைத் திறக்கப் பழகிவிட்டாள். அந்த விசில் சத்தத்தையே பதிவு செய்து படகின் அலாரத்தில் ஏற்றிக்கொண்டாள்.

ஜூனில் கிளம்பினாள். கூல்வென் மிதவைப் பாலத்துக்கு வராமல் கரையிலேயே நின்றான். கட்டிப்பிடித்து நாலு வார்த்தை சொல்வான் என்று பார்த்தால், "நேரம் தவறாத" என்றான். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அவனைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன்.

அவள் இல்லாத நாட்களில் நான் சுகமாகத் தூங்கினேன், பொய் சொல்வானேன். அவன்தான் தூங்கவில்லை. ஏலம் ஆரம்பிக்கும் முன்பே கூடத்து வாசலில் வந்து நிற்பான். வடக்கே போய்த் திரும்பிய மீன்பிடிப் படகுக்காரர்களிடமெல்லாம், "சின்னப் படகு, சிவப்புப் பாய், கண்ணுல பட்டுதா?" என்று கேட்பான். இல்லை என்றால் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போவான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

பத்தாம் நாள் மதியம் சிவப்புப் பாய் தெரிந்தது. முகமெல்லாம் உப்பு, உதடு வெடித்து, கண் மட்டும் பளிச்சென்று வந்து இறங்கினாள். ஆயிரம் மைலும் முடித்திருந்தாள். துறைமுகக் காப்பிக் கடையில் கறுப்புக் கோதுமை அடையை இரண்டு கையாலும் பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னாள். துத்வாலும் இருந்தார். அதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"திரும்பி வர்றப்போ உவெசான் தீவுக்கு வடக்கே காத்து அடிச்சு நொறுக்குது. சுத்தி மீன்பிடிப் படகு வேற. ரெண்டு நாளா தூக்கம் வர்ற நேரமெல்லாம் கயிறும் கையுமா போயிருச்சு. மூணாவது நாள் சாயங்காலம் பொசபொசன்னு தூத்தல். திரும்பிப் பாக்கறேன், சுக்கான் பக்கத்துல இவன் உக்காந்திருக்கான்."

"யாரு?" என்றார் துத்வால்.

"இதோ இவன்தான். மஞ்ச மழைக்கோட்டு போட்டுக்கிட்டு, பிஸ்கட் தின்னுக்கிட்டு. மிதவையில ஏறினாலே வாந்தி எடுக்கறவன் நடுக்கடல்ல உக்காந்து பிஸ்கட் திங்கறானே, எனக்கு ஆச்சரியமே வரல பாருங்க. ரெண்டு கப்புல காப்பி ஊத்தினேன். அவன் பாத்துக்கறான்னு அலாரம்கூட வைக்காம உள்ள போய்ப் படுத்துட்டேன்."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. தூக்கம் கெட்டுத் தனியாகக் கடலில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு துணை வருவது எங்களுக்குத் தெரியும். அதை நம்பிப் படுத்தவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை.

"கண்ணு சொருகுது. அப்போ மேலேருந்து சொல்றான், 'தூங்கு ரோசென். இன்னிக்கு நேரம் பாக்க வேணாம். வேணுங்கற மட்டும் தூங்கு, நான் எழுப்ப மாட்டேன்'னு. அப்படியே தூக்கிவாரிப் போட்டுச்சு. எந்திரிச்சு உக்காந்துட்டேன்."

"ஏன்?" என்றேன்.

"என்ன மத்தூரன், தெரியாத மாதிரி கேக்கற? ஒரு குளிர்காலம் பூரா ரெண்டு நிமிஷத்துக்குக் கெஞ்சியிருக்கேன். குடுத்தானா? இது எம்புருஷன் இல்லடா சாமின்னு மேல ஓடினேன். யாருமில்ல. ரெண்டு கப்பும் அப்படியே நிறைஞ்சு இருக்கு, மழைத் தண்ணியோட. நிமிந்து பாத்தா, மூக்குக்கு நேரா சரக்குக் கப்பல். ரேடியோவுல கத்தி, படகைத் திருப்பி, அது தாண்டிப் போறவரைக்கும் நின்னேன். அப்புறம் அலாரத்தை வெச்சுட்டு இருபது நிமிஷம் தூங்கினேன் பாரு, அது தூக்கம்!"

கூல்வெனைப் பார்த்தேன். முகம் சாம்பலாகியிருந்தது.

"நான் அப்படிச் சொல்லுவேனா?" என்றான், ஏதோ அவன் மேல் அபாண்டமாகப் பழி போட்டதைப் போல.

"மாட்ட நடுவரே. அதனாலதான் இங்க உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன்."

துத்வால் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அடுத்த அடைக்கு அவர்தான் ஆர்டர் கொடுத்தார்.

மறுநாள் ஏலக் கூடத்திலிருந்து நல்ல கானாங்கெளுத்தியாக நாலு எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மாடி ஏறினேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. அழைப்பு மணியின் வயரைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தான். படுக்கையறை வாசலில் நாற்காலி போட்டு, கூல்வென் நேற்றைய சட்டையோடே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தான்.

"எப்போ படுத்தா?" என்று கிசுகிசுத்தேன்.

"நேத்து வந்ததும்."

"எப்போ எழுப்புவ?"

"தெரியாது" என்றான்.

கூல்வென் வாயிலிருந்து நேரம் தெரியாது என்று ஒரு வார்த்தை! அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். வெயில் படாத வெள்ளைத் தடம்தான் இருந்தது. கடிகாரமும் விசிலும் சமையலறை மேஜையில், வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தன.

"நீ போய்த் தூங்கேன்யா. நான் உக்காந்திருக்கேன்."

"வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றான். மீனை வாங்கிக்கொண்டு, என் காலைப் பார்த்தான். "மத்தூரன், இறங்கறப்போ மெதுவாப் போ. உன் பூட்ஸ் அந்த மரப்படியில ரொம்ப சத்தம் போடுது."

ஒரு குளிர்காலம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்தவன் சொல்கிறான். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.