லொறியிலிருந்து இறக்கிய இரண்டு கணினிகள்

1. தொலைநகலில் வந்த கட்டளை

கொழும்புத் தலைமையகத்தின் கடிதம் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. அன்று சோதனைச் சாவடியில் வரிசை நீண்டு, நான் அலுவலகத்துக்குள் நுழைய ஒன்பதரை ஆகிவிட்டது. முகாமையாளர் தவராசா சேர் தொலைநகல் தாளோடு வாசலிலேயே நின்றார்.

"மிஸ், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. விண்டோஸ் 98க்குச் சப்போட் முடியுதாம். எங்கட கொம்பியூட்டர் எல்லாம் நிண்டு போகப்போகுதே?"

"நிக்காது சேர். நாளைக்கும் வழமை மாதிரி வேலை செய்யும். ஆனா அதில பிழை வந்தா இனி கொம்பனிக்காரர் திருத்தித் தரமாட்டினம். புது வைரஸ் வந்தா எங்கட பாடு."

"அப்ப ஏன் எல்லாத்தையும் லொறியில ஏத்தச் சொல்லிக் கிடக்கு?"

நான் வேலை செய்தது திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சமாசத்தில். கரையோரச் சங்கங்கள் பல அதில் சேர்ந்திருந்தன. படகுகளையும் எஞ்சின்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் பதிவது என் பகுதி. யுத்த காலத்தில் அந்தப் பதிவில்தான் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது. கடலில் இறங்கக் கடற்படையின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க எங்கள் சமாசத்தின் அத்தாட்சிச் சீட்டு வேண்டும். சீட்டில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அன்று தொழில் இல்லை. தொழில் மட்டும்தான் போனதென்றால் அந்த ஆள் அதிர்ஷ்டசாலி.

கடிதத்தின்படி எங்களிடம் இருந்த பதினொரு பழைய கணினிகளும் மாத முடிவுக்குள் கொழும்புக்குப் போக வேண்டும். பதிலுக்கு நான்கு புதியவை வரும். தவராசா சேர் தாளை என் மேசையில் வைத்தார்.

"உங்களுக்குத்தான் இது விளங்கும். லிஸ்டைப் போடுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."

2. பதினொன்றும் ஒன்றல்ல

எங்கள் கணினிகளைத் திருத்துபவர் நிஸ்தார். என் வயதுக்காரர். குறிஞ்சாக்கேணியிலிருந்து வருவார். கிண்ணியாவுக்குப் பாலம் போடாத காலம் அது. கடலோடு சேரும் களப்பைக் கடக்கிற மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். சனமும் வாகனமும் அதில்தான் ஏறும். பாதை ஓடாத நாளில் நிஸ்தார் வரமாட்டார், பழுதான கணினியும் அப்படியே கிடக்கும்.

நாங்கள் இருவரும் ஒரு கொப்பியோடு அறை அறையாகப் போனோம். எது எத்தனை வருசப் பழசு என்று நிஸ்தார் எழுதத் தொடங்கினார். நான் நிறுத்தினேன்.

"வயசு தேவையில்லை நிஸ்தார். ரெலிபோன் லைனில தொடுக்கிறது எது, தொடுக்காதது எது எண்டு முதல்ல எழுதுவம்."

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இன்னொண்டும் எழுதுவம் மிஸ். உள்ளுக்க இருக்கிறது வேற எங்கயாவது இருக்கா, இல்ல இது ஒண்டுலதானா?"

நல்ல கேள்வி. அந்த இரண்டு கேள்விகளோடு பார்த்தபோது பட்டியல் தானாகவே பிரிந்தது. கொழும்போடு மின்னஞ்சல் பரிமாறும் கணினிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது; புதியது வந்த அன்றே அது கழற்றப்பட வேண்டும். கடிதம் தட்டச்சிடும் கணினிகள் நாலும், களஞ்சியத்துக் கணினிகள் இரண்டும் பிரதி எடுத்துவிட்டு லொறியேறலாம். நல்ல நிலையில் இருந்த மூன்றைத் துடைத்துச் சுத்தமாக்கி, ஒரு சங்கத்தின் தட்டச்சு வகுப்புக்குக் கொடுக்கத் தலைமையகத்திடம் அனுமதி கேட்டேன். எந்த லைனிலும் தொடுக்காமல் தட்டச்சுப் பழக, சப்போட் இருந்தாலென்ன, முடிந்தாலென்ன? அனுமதி கிடைத்தது.

மிஞ்சியது ஒன்று. படகுப் பதிவேடு இருந்த கணினி. அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். அதில் தமிழ் பழைய எழுத்துருவில் இருந்தது. அதாவது கணினிக்குள் கிடப்பது ஆங்கிலக் குறிகள்; எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டும். புதிய கணினி யுனிகோட் தமிழில் வேலை செய்யும். பழைய பதிவை அப்படியே அதில் திறந்தால் குப்பைதான் தெரியும்.

தலைமையகத்தின் கணினிப் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் மரியாதையான மனிதர்.

"யோசிக்காதீங்க மிஸ். மாத்துற புரோகிராம் ஒண்டு சீடியில அனுப்புறம். ஒரு நாள் வேலை. முடிச்சிட்டு அந்த மெஷினையும் ஏத்தி விடுங்க."

3. ஷாகுல் ஹமீது

புதிய கணினிகள் நான்கும் சீடியும் லொறியும் ஒரே வாரத்தில் வந்தன. அந்தக் காலத்தில் ஒரு லொறிக்குக் கொழும்புவரை அனுமதி எடுப்பது லேசான விசயமில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாள் அனுமதி. பிந்தினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு.

அந்த அனுமதி நாள் காலையில் மாற்றும் புரோகிராமை ஓடவிட்டேன். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. பழையதில் எத்தனை பதிவோ புதியதிலும் அத்தனை. திரையில் பெயர்கள் அழகாக வரிசையாக நின்றன. எனக்கும் மகிழ்ச்சிதான். தவராசா சேர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அவ்வளவுதானே? முடிஞ்சுது" என்றார். நிஸ்தார் பதிவேட்டுக் கணினியையும் கழற்றி லொறிக்குக் கொண்டுபோனார்.

நான் ஒரு சீட்டை அச்செடுத்துப் பார்க்க நினைத்தேன். வெளியே வாங்குப் பலகையில், இறக்கக்கண்டியிலிருந்து வந்த ஹமீது காக்கா (வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்போம்) பாஸ் புதுப்பிக்கக் காத்திருந்தார். அவருடைய சீட்டையே எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஆர்ர சீட்டு?"

"உங்கடதான் காக்கா."

"என்ட பேர் ஷாகுல் ஹமீது. இதில ஷாகுல் மீது எண்டெல்லா கிடக்கு?"

வாங்கிப் பார்த்தேன். ஹ இல்லை. திரும்பி ஓடி வந்து திரையில் தேடினேன். ஹனிபா, னிபாவாக நின்றார். ஹலீமா, லீமா. ஹரிதாஸ், ரிதாஸ். பதிவேடு முழுவதிலும் ஒரு ஹ கூட இல்லை.

"இதக் கொண்டு போனா என்னைத் தடுத்து வைப்பாங்கள் தங்கச்சி," என்றார் காக்கா, கோபமில்லாமல். "போன வருசம் இனிசல் மாறினத்துக்கு மூண்டு மணித்தியாலம் வெயில்ல நிண்டனான். இது பேரே மாறிக் கிடக்கு."

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பல வருசங்களுக்கு முன், புரோகிராம் எழுதிய காலத்தில், ஹ வருகிற பெயர்கள் எல்லாம் நடுவில் உடைந்து வந்தன. எழுத்துருவில் ஹவுக்கு இருந்த குறியை என் புரோகிராம் வேறு வேலைக்குப் பாவித்ததுதான் பிழை. புரோகிராமைத் திருத்துவதற்குப் பதிலாக எழுத்துருவில் ஹவை ஆரும் பாவிக்காத ஓர் இடத்துக்கு நகர்த்தினேன். பெயர்கள் சரியாக வந்தன. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த புரோகிராமில் பிழை இல்லை. அதற்குத் தெரியாத இடத்தில் நான் ஓர் எழுத்தை ஒளித்து வைத்திருந்தேன். அது தெரியாததை விட்டுவிட்டுப் போய்விட்டது.

வெளியே லொறிச் சாரதி கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், பதிவேட்டுக் கொம்பியூட்டரை இறக்க வேணும்."

"என்ன கதை இது மிஸ்? ஒரு எழுத்துத்தானே, புதுசில திருத்தலாமே?"

"எந்தெந்தப் பேரில போட வேணும் எண்டு பழசைப் பாத்தாத்தான் தெரியும். அதோட, போனது ஹ மட்டும்தான் எண்டு இப்ப என்னால சொல்ல ஏலாது. நான் வேற என்னத்தை மாத்தினனான் எண்டு எனக்கே ஞாபகமில்லை."

அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லிய பிறகு தலை தெளிந்தது.

"பெர்மிட் இண்டைக்கு மட்டும்தான். கொழும்பில கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"லொறி போகட்டும் சேர். ரெண்டு மெஷினை மட்டும் விட்டிட்டுப் போகட்டும். பதிவேட்டு மெஷின், பழுதானா உதிரிப்பாகத்துக்கு இன்னொண்டு. என்ர பொறுப்பில வைச்சிருக்கிறன்."

"எழுத்தில தாங்கோ."

எழுதினேன். பிழை என்னுடையது என்பதையும், பதிவேடு முழுவதும் சரிபார்க்கும்வரை அந்த இரண்டும் அலுவலகத்தைவிட்டு வெளியேறக்கூடாது என்பதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். சேர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, வாசலுக்குப் போய்ச் சாரதியிடம் தாமே சொன்னார்: "தம்பி, அந்தக் கயித்தை அவிழுங்கோ."

இறக்கிய கணினிக்கு மறுபடி வயர்களைப் பொருத்தி, பழைய டொட் மெற்றிக்ஸ் பிரின்ரரில் ஹமீது காக்காவுக்குச் சீட்டு எடுத்தோம். அவர் ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டு வாசித்தார். "இப்ப இது நான்," என்றார்.

4. வாய்விட்டு வாசித்த பதிவேடு

ரெலிபோன் லைனில் தொடுக்கிற மொடத்தை நிஸ்தார் அந்தக் கணினியிலிருந்து கழற்றி எடுத்தார். பிரின்ரர் வயரைத் தவிர வேறெந்த வயரும் அதில் இல்லை. சப்போட் முடிந்த கணினிக்கு நாங்கள் கொடுத்த பாதுகாப்பு அதுதான்: வெளியுலகத்தோடு கதையே இல்லை.

பிறகு என் பழைய எழுத்துருவை எழுத்தெழுத்தாகத் திறந்து பார்த்தேன். ஹ மட்டுமல்ல, ஸ்ரீயையும் நகர்த்தியிருந்தேன். அது எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை எழுதினேன். அதைக் கொண்டு பதிவுகளை மறுபடி மாற்றினேன். இம்முறை பெயர்கள் முழுசாக வந்தன. ஆனால் ஒருமுறை சூடுபட்டவள். கண்ணை நம்பத் தயாரில்லை.

தவராசா சேர் ஒரு யோசனை சொன்னார். "ஊர் ஊரா லிஸ்ட் அடிச்சு சங்கக் கட்டடத்தில ஒட்டுவமே? அவையவை தங்கட பேரைப் பாக்கட்டும்."

நிஸ்தார் உடனே மறுத்துத் தலையாட்டினார். "வேணாம் சேர். இந்த நாளையில ஆம்பிளையள்ர பேரை ஊரோட போட்டு றோட்டில ஒட்டுறது சரியில்ல. ஆர் கையில போய்ச் சேருமோ."

அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

ஆகவே நாங்களே வாசித்தோம். நிஸ்தார் பழைய திரையைப் பார்த்துப் பெயர், தகப்பன் பெயர், எஞ்சின் இலக்கம் என்று உரத்து வாசிப்பார். நான் புதிய திரையில் சரி பிடிப்பேன். கிண்ணியா, மூதூர்ப் பெயர்கள் எப்படி எழுதப்படும் என்று அவருக்குத் தெரியும். மற்றவை எனக்குத் தெரியும். தொண்டை கட்டிப்போகும், பால் விடாத பிளேன் ரீயைக் குடித்துவிட்டு மறுபடி வாசிப்போம். பாதை ஓடாத நாள்களில் நான் தனியே இருந்து அச்செடுத்த தாள்களோடு ஒப்பிட்டேன். பழையதிலேயே பிழையாகப்பட்ட பெயர்களை நாங்களாகத் திருத்தவில்லை. அடையாள அட்டையைக் காணாமல் ஒருவருடைய பெயரில் கை வைக்க எங்களுக்கு உரிமையில்லை என்று ஒரு பென்சில் அடையாளம் மட்டும் போட்டோம். கடைசிப் பதிவை வாசித்து முடித்த அன்று நிஸ்தார் கதிரையில் சாய்ந்து, "மிஸ், இனி இந்தக் கரையில ஒருத்தரும் எனக்குத் தெரியாதவர் இல்ல" என்று சிரித்தார்.

அது முடிந்து கொஞ்ச நாளில் எங்கள் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் சண்டை மூண்டது. சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. எங்கள் வாங்குகள் நிறைந்தன. வெருகல் பக்கத்திலிருந்து வந்த தங்கராசா என்பவர் நகரத்தில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார். அவர் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

"படகும் போச்சு, பெட்டியும் போச்சு, அடையாள அட்டையும் அதுக்குள்ளதான். மச்சான்ர போட்டில போறதெண்டாலும் பாஸ் வேணுமாம். நான் பதிஞ்ச ஆள்தானெண்டு காட்ட என்ர எஞ்சின் நம்பர் கேக்கினம். எனக்கு ஞாபகமில்லைப் பிள்ளை."

"அப்பான்ர பேரைச் சொல்லுங்கோ அண்ணை."

"ஸ்ரீரங்கநாதன்."

புதிய கணினியில் தகப்பன் பெயரைத் தட்டினேன். ஒரே ஒரு பதிவு வந்தது. படகு, எஞ்சின் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பதிந்த திகதி எல்லாம் இருந்தன. அச்செடுத்தேன்; தவராசா சேர் ஒப்பமிட்டு முத்திரை குத்தினார். தங்கராசா அண்ணை தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பான்ர பேரை ஒருத்தரும் இப்பிடி முழுசா எழுத மாட்டினம்," என்றார்.

இப்படி அந்த மாதங்களில் எத்தனையோ பேர். பெயர் பிழையென்று ஒரு சீட்டுக்கூடத் திரும்பி வரவில்லை.

5. இளையவர்களுக்கு

அடுத்த முறை லொறி வந்தபோது நானே அந்த இரண்டு கணினிகளையும் காட்டி, ஏற்றலாம் என்றேன். பெயர்கள் வேறு கைக்குப் போகாதபடி நிஸ்தார் முதலில் வன்தட்டுகளைக் கழற்றி எடுத்தார். எனக்கு அதில் எந்தக் கவலையும் இருக்கவில்லை. வேலை முடிந்த இயந்திரம் போகத்தான் வேண்டும். வேறு மாவட்டத்திலும் பெயர்களில் எழுத்துகள் விடுபடுவதாகக் கொழும்பு உத்தியோகத்தர் பிறகு தொலைபேசி எடுத்தார். மாதிரிக்கு என் அட்டவணையின் பிரதியைக் கேட்டார். அனுப்பினேன். நான் கணினியை முறையாகப் படித்தவளில்லை, வேலை செய்தே பழகியவள். இருந்தும் என் கையெழுத்துத் தாள் தலைமையகத்தின் கோப்பில் ஏறியது. அந்தப் பெருமையை மறைக்க நான் முயன்றதில்லை.

இன்று கணினிப் பகுதிகளில் இருக்கும் பிள்ளைகள் அதே கேள்வியோடு என்னிடம் வருவார்கள்: சப்போட் முடியுது, பழையதை என்ன செய்வது? நான் சொல்வது இதுதான்: சப்போட் முடியும் திகதியைக் கொம்பனி தீர்மானிக்கும். லைனில் தொடுக்கிற கணினியானால் அந்தத் திகதியை மதித்து உடனே மாற்றுங்கள், பிடிவாதம் வேண்டாம். உள்ளே வேறெங்கும் இல்லாத பதிவு இருந்தால் லைனைக் கழற்றிவிட்டு, அந்தப் பதிவு புதிய இடத்தில் முழுசாக வந்து சேரும்வரை வைத்திருங்கள். வந்து சேர்ந்ததா என்று எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். பெயருக்கு உரியவரின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்கிற கெட்டிக்காரத்தனம் எதுவானாலும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பிழை பிடிபட்டால், லொறி வாசலில் நின்றாலும் சரி, என் பிழை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்.