பொன்னியின் பத்து வருஷக் கால் வலி

எங்கள் அடி அண்ணாமலை ஊர்ப் பொன்னி வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நான் பக்கத்து வீட்டு வள்ளி. இருபது வருஷமாக அந்த வாய்க்கு முதல் காது என்னுடையதுதான்.

2004இல் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறி விழுந்தாள். முழங்காலில் சவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் பழையபடி நடக்கலாம், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கோல்தான் என்றார் டாக்டர். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். அங்கேதான் வாய் வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் படிவம் எழுதிய நர்ஸ், "கால் வலி எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்க, இவள் பெருமையாக, "அது பத்து வருஷமா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டாள். மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவள். மறுநாள் கால் வலியைப் பற்றிப் பேசுவது எங்கள் ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி. கம்பெனிக்கு அது தெரியுமா? பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், பணம் தர முடியாது என்று கடிதம் வந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினேன். விசாரணைக்கு வேலூர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அன்று பார்த்துப் பௌர்ணமிக்கு மறுநாள்.

அதிகாரி பெயர் ராஜமாணிக்கம். காகிதத்தைத் தட்டினார். "பத்து வருஷமா வலின்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா?"

"சொன்னேன் சார். கிரிவலம் போனா மறுநாள் யாருக்குத்தான் வலிக்காது? மூணாம் நாள் ஓடிப்போயிடும்."

அவர் நம்பவில்லை. வேறு ஃபைல் எடுக்க எழுந்தவர், பாதியிலேயே மேஜையைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி!" என்றார்.

பொன்னிக்கு முகமெல்லாம் பல். "நேத்து மலை சுத்தினீங்களா சார்?"

"முதல் தடவைம்மா. வீட்ல இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப எழுதிக்கோங்க. சாருக்கும் பழைய வியாதி!"

நான் அவள் கையைக் கிள்ளினேன். காரியம் கெட்டது என்றே நினைத்தேன். அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்ததில் கால் இழுத்து மறுபடியும் "அம்மாடி" என்றார். சவ்வு கிழிந்தது விழுந்த அன்றுதான் என்று எங்கள் டாக்டர் கொடுத்திருந்த சான்றிதழை அப்போதுதான் முழுசாகப் படித்தார். பத்தாம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. சந்தோஷத்தில் நான் தெருவில் நின்று கத்தினேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அதே நர்ஸ் புதுப் படிவத்தோடு வந்தாள். "கால் வலி எவ்ளோ நாளா இருக்கு?"

பொன்னி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை உருட்டினேன்.

"பஸ்லேருந்து விழுந்தேனே, அன்னிக்குக் காலைல எட்டே கால் மணிக்கு ஆரம்பிச்சுதும்மா" என்றாள். "அதுக்கு முந்தி எனக்குக் காலு இருந்ததே ஞாபகமில்ல!"